வன்னியில் பிள்ளைகள் கைநழுவிய இடங்கள்: ஆயுதக் குழுக்களில் இளையோர் சேராமல் காக்கும் வேலை

போர் நடக்கும் ஊரில் ஒரு பிள்ளை ஆயுதக் குழுவுக்குப் போகாமல் எப்படித் தடுப்பது என்று கேட்டால், அதிகாரிகளிடமிருந்தும் தொண்டு நிறுவனங்களிடமிருந்தும் முதலில் வரும் பதில் விழிப்புணர்வுதான். கருத்தரங்கு, வீதி நாடகம், சுவரொட்டி. இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் இவையெல்லாம் நடந்தன. ஆனால் பதுங்கு குழிக்குள் இருந்து பாடம் படித்த பிள்ளைக்கு யுத்தம் ஆபத்தானது என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆபத்துத் தெரிந்தும் பிள்ளைகள் போனார்கள், அல்லது கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் பெரியவர்களின் கையைவிட்டு நழுவிய இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த இடங்கள்: இடப்பெயர்வு, பள்ளிக்கூடம் நின்ற நாள், அண்ணன் கைதான இரவு, திரும்பி வந்த முதல் சில மாதங்கள். அந்த இடங்களில் பொறுப்பான ஓர் ஆள் நின்றாரா இல்லையா என்பதுதான் பல குடும்பங்களின் கதையைத் தீர்மானித்தது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தானாக விரும்பிப் போனவர்கள், வேறு வழி தெரியாமல் போனவர்கள், பிடித்துச் செல்லப்பட்டவர்கள் என்று மூன்று வகையினர் இருந்தார்கள். 1983 ஜூலை இனவன்முறைக்குப் பிறகு பெருமளவில் ஆயுத இயக்கங்களில் சேர்ந்தவர்கள் முதல் வகை. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல், 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம், சுற்றிவளைப்புகள், கொலைகள் என்று அவர்களிடம் அரசியல் காரணங்கள் இருந்தன. 1990களில் நிலைமை மாறியது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மக்கள் திரண்டு வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி மோதல்களும் 1997 மேயில் தொடங்கிய இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கையும் அவர்களை மறுபடியும் மறுபடியும் கிளப்பின. எரிபொருள், சீமெந்து, மருந்து, பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. மர நிழலில் பள்ளிக்கூடம், ஒரு நேரச் சாப்பாடு. இக்காலத்தில் போன சிறுவர்களில் பலர் இரண்டாம் வகை. வீட்டில் ஒரு வாய் குறையும், அங்கே சாப்பாடும் உடுப்பும் கிடைக்கும், கூடவே ஒரு மதிப்பும் கிடைக்கும். 2006இல் போர் மீண்டும் மூண்டபின் விடுதலைப் புலிகளின் ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற கட்டாயம் வந்தது. 2008 இறுதிக்குப் பிறகு அந்த ஒருவர் என்ற கணக்கும் நிற்கவில்லை. அது மூன்றாம் வகை.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிடித்துச் செல்லப்படும் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லிப் பயனில்லை. அங்கே அழுத்தம் பிடிப்பவர் மீது விழவேண்டும், பிள்ளை வழியில் அகப்படாமல் இருக்க வேண்டும். பசிக்காகப் போகும் பிள்ளையை மதிய உணவும் வகுப்பும் மறிக்கும். தமையனைச் சுட்டுவிட்டார்கள் என்று கொதிக்கும் பிள்ளைக்குத் தையல் வகுப்பு எதையும் தீர்க்காது. பல திட்டங்கள் பணம் செலவழித்தும் பலிக்காமல் போனதற்கு இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

சட்டம் எவ்வளவு தூரம் உதவியது? 2000 மே 25இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சிறுவர் உரிமை உடன்படிக்கையின் விருப்பு நெறிமுறை, அரசல்லாத ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குட்பட்டவர்களை எந்தச் சூழ்நிலையிலும் சேர்க்கக்கூடாது என்கிறது. இலங்கை அதே வருடம் செப்ரெம்பரில் அதை ஏற்றது. சிறுவர்களை ஆயுத மோதலுக்குச் சேர்ப்பது 2006இல் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் மூலம் குற்றமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1998 மேயில் ஐக்கிய நாடுகளின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்கு வந்தபோது, 18 வயதுக்குட்பட்டவர்களைச் சண்டையில் ஈடுபடுத்துவதில்லை, 17 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று விடுதலைப் புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். 2003இல் அரசும் புலிகளும் ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெப்பும் இணைந்து ஒரு செயற்றிட்டத்துக்கு உடன்பட்டன. விடுவிக்கப்படும் சிறுவர்களுக்காக மூன்று இடைத்தங்கல் நிலையங்கள் திட்டமிடப்பட்டு, கிளிநொச்சியில் ஒன்று அந்த ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. ஆனால் ஒரு பக்கம் விடுவிப்பு நடக்க மறுபக்கம் சேர்ப்பும் நடந்தது. 2003 முதல் 2008 இறுதி வரை புலிகள் சேர்த்த சிறுவர்களாக யுனிசெப் பதிவு செய்தவர்கள் 6,000க்கு மேல். கிழக்கில் புலிகளிலிருந்து பிரிந்த கருணா அணியும் அதே குற்றச்சாட்டுக்கு ஆளானது.

ஆனாலும் இந்தப் பதிவு வீண் வேலையாகவில்லை. பெயர், வயது, ஊர், கொண்டுபோன திகதி என்று எழுதிவைத்த ஒரு தாளை வைத்துக்கொண்டுதான் கண்காணிப்பாளர்கள் முகாம் வாசலில் கேட்க முடிந்தது. அப்படிக் கேட்டு மீண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பதிவு செய்யப்படாத பிள்ளைக்காகக் கேட்க ஆளில்லை.

இங்கேதான் வயதுச் சான்று என்ற, பார்வைக்குச் சிறிய விடயம் பெரிதாகிறது. பெற்றோர் போய் நின்று “பிள்ளைக்குப் பதினாறுதான்” என்றால், எதிரே இருப்பவர் “பதினெட்டு ஆகிவிட்டது” என்பார். காட்ட ஒரு கடதாசி வேண்டும். ஐந்து ஆறு தடவை இடம்பெயர்ந்த வீட்டில் பிறப்புச் சான்றிதழ் முதலாவது ஓட்டத்திலேயே போயிருக்கும். ஆகவே மோதல் நெருங்கும் பகுதியில் ஒரு கிராமக் குழு செய்ய வேண்டிய முதல் வேலை, 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழின் மூன்று பிரதிகளைத் தயார் செய்வது. ஒன்று தாயின் கையில், பொலித்தீனில் சுற்றி, காணி உறுதியோடு. இன்னொன்று மோதல் பகுதிக்கு வெளியே உள்ள உறவினரிடம். மூன்றாவது பள்ளிக்கூடத்தில். இன்று கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்பதால் இரண்டாவது பிரதி இலகுவாகிவிட்டது. ஆனால் கையில் முத்திரை குத்திய தாள் ஒன்று இருப்பதற்கு அது ஈடாகாது.

சான்றிதழ் தொலைந்திருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் தேடுவதற்குப் பிறந்த திகதியும் பிறந்த இடமும் ஏறத்தாழவாவது தெரிய வேண்டும். சைவக் குடும்பங்களில் சாதகக் குறிப்பு இதற்குக் கைகொடுக்கும். சட்டப்படி அது சான்றாகாவிட்டாலும், தேட வேண்டிய பக்கத்தைக் காட்டிவிடும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்குப் பதிவு இருக்கிறது. பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு (பதிவேடு), தாய் சேய் நிலையத்தின் வளர்ச்சி அட்டை இரண்டும் அடுத்தபடி. பிறப்பே பதியப்படாத பிள்ளைக்கு, வயதை மதிப்பிட்டுக் கொடுக்கும் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நடமாடும் சேவை கிராமத்துக்கு வரும் நாளை எதிர்பார்த்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலை முன்கூட்டியே வாங்கி வைத்தால் ஒரே நாளில் பாதி வேலை முடியும். பெரும்பாலும் பிழை வருவது ஓரிடத்தில்: பெயரின் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாக, இடாப்பில் இன்னொரு விதமாக, தந்தையின் அடையாள அட்டையில் வேறு விதமாக. எடுத்த அன்றே ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் பிறகு திருத்துவது மாதக்கணக்கு.

அடுத்தது பள்ளிக்கூடம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஆயுதக் குழுவுக்கோ, இன்றைக்கு வாள்வெட்டுக் குழுவுக்கோ, ஒரு பிள்ளை போவதற்கு முன் அதன் சுவடு வகுப்பு இடாப்பில் விழுந்திருக்கும். தரம் 9இலும் 10இலும், அதாவது பதினான்கு பதினைந்து வயதில், வரவு உடையத் தொடங்கும். முதலில் வெள்ளிக்கிழமைகள் போகும். பிறகு அறுவடைக் காலத்தில் ஒரு கிழமை. பிறகு தவணைப் பரீட்சைக்கு மட்டும் வருகை. ஆசிரியர் சிவப்புப் பேனையால் கோடு இழுத்துவிட்டுப் பெயரை அடுத்த மாத இடாப்பில் எழுதாமல் விட்டால், அதோடு அந்தப் பிள்ளையைக் கவனிக்கும் கடைசி அரச ஊழியரும் கைவிட்டார் என்று அர்த்தம். கட்டாயக் கல்வி வயது 1998 முதல் 5இலிருந்து 14 வரை, 2016இல் அது 16 வரை உயர்த்தப்பட்டது. போர்க்காலம் முழுவதும் மிக ஆபத்தான வயது சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடந்தது.

இன்னொரு பெரிய இடைவெளி சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு. பரீட்சை முடிந்தால் பெறுபேறு வர மூன்று நான்கு மாதம். அந்த மாதங்களில் பிள்ளைக்கு இடாப்பும் இல்லை, வேலையும் இல்லை. பெறுபேறு வந்தபின் இன்னும் ஒரு வாசல் குறுகும்: வன்னியின் உட்கிராமப் பாடசாலைகள் பல தரம் 11 வரைதான். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை உயர்தரம் படிக்க வேறு ஊருக்குச் சைக்கிளில் போகவேண்டும், அல்லது விடுதியில் நிற்கவேண்டும். சைக்கிள் இல்லாத வீடு அங்கேயே நின்றுவிடும். ஆகவே குறைந்த செலவில் ஒரேயொரு விடயம்தான் செய்யமுடியும் என்றால், பரீட்சை முடிந்த கிழமையே தொடங்கும் நான்கு மாத வகுப்பு ஒன்றைச் செய்யலாம். ஆங்கிலம், கணினி, இயந்திரத் திருத்தம், எதுவானாலும் சரி. காலையில் போவதற்கு ஓர் இடமும் பெயர் கூப்பிட ஓர் ஆளும் இருக்க வேண்டும். அதுதான் அதன் பயன்.

வரவு குறைந்த பிள்ளையைத் தேடும் முறைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் அயல்வீட்டுப் பிள்ளையிடம் கேட்பது. ஐந்தாம் நாள் ஒருவர் வீட்டுக்குப் போவது. பத்து நாள் கடந்தால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிப்பது. வீட்டுக்குப் போகிறவர் “ஏன் பிள்ளையைப் பள்ளிக்கு விடவில்லை” என்று தொடங்கினால் தாய் அடுத்த தடவை கதவைத் திறக்கமாட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வருமானம் எப்படி, அண்மையில் யாராவது கைதானார்களா, புதிதாக யார் வந்துபோகிறார்கள், பிள்ளையின் கையில் கணக்கில்லாத காசோ தொலைபேசியோ இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாக அறிய வேண்டும். ஐந்துக்கும் பதில் கிடைத்தால் மூன்று வகையில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த ஒழுங்கு கடதாசியில் நல்லாக இருந்து நடைமுறையில் உடைவதற்கு இரண்டு காரணங்கள். வன்னிப் பாடசாலைகளின் ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ்ஸில் வந்து, பள்ளி விட்டதும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடவேண்டியவர்கள். வீட்டுத் தரிசிப்பு அவர்களால் முடியாது. அதனால் இந்த வேலையை ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம், மாதர் சங்கத்திலோ கிராம சிறுவர் அபிவிருத்திக் குழுவிலோ உள்ள ஒரு தாயிடம், சிறு போக்குவரத்துப் படியோடு கொடுக்க வேண்டும். படி இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் நின்றுவிடும். இரண்டாவது காரணம் பாரதூரமானது: பட்டியல். பள்ளிக்கு வராத இளைஞர்களின் பெயர்ப்பட்டியல் ஆள்சேர்ப்பவரின் கையில் கிடைத்தால் அது ஆள்சேர்ப்புப் பட்டியல். புலனாய்வாளர் கையில் கிடைத்தால் கைதுப் பட்டியல். வன்னியில் இரண்டு பக்கமும் வீட்டு விபரம் சேகரித்தார்கள், அந்தப் பயம் இன்றும் போகவில்லை. எனவே பெயர் அதிபரின் அலுமாரியை விட்டு வெளியே போகக்கூடாது. மேலே போகும் அறிக்கையில் எண்ணிக்கை மட்டும். உதவி தேவைப்படும் தனிப் பிள்ளையின் விபரம், தாயின் சம்மதத்தோடு, ஓர் உத்தியோகத்தருக்கு மட்டும்.

விட்ட படிப்பைத் தொடர்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு வருடம் இழந்த பதினான்கு வயதுப் பெடியனைத் தரம் 7 வகுப்பில் கொண்டுபோய் இருத்தினால் வெட்கத்தில் ஒரு கிழமையில் ஓடிவிடுவான். தமிழும் கணிதமும் மட்டும், இருபது இருபத்தைந்து பேருக்கு ஒரு தொண்டர் ஆசிரியர், ஆறு முதல் ஒன்பது மாதம் தனி வகுப்பாக நடத்தி, பிறகு அவன் வயதுக்கு அண்மித்த வகுப்பில் சேர்க்க வேண்டும். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின்னான சமாதான காலத்தில் யுனிசெப்பின் உதவியோடு வடக்கில் நடந்த வகுப்புகள் இந்த அடிப்படையில்தான் அமைந்தன.

பிடித்துச் செல்லும் காலத்தில் ஆபத்து வீட்டைவிட வழியில்தான் கூட. பின்னேர ரியூசன், கோயில் திருவிழா, கடைத்தெரு, தண்ணீர் அள்ளும் இடம். தனியே போகும் பிள்ளையைத்தான் மறிப்பார்கள். குழுவாகப் போவது, பின்னேர வகுப்பை வெளிச்சத்தோடு முடிப்பது, துணைக்குத் தாய்மார் போவது என்று ஊர்கள் தாங்களாகவே பழகின. தமையனோ தகப்பனோ துணைக்குப் போனால் அவர்களும் அகப்படலாம், தாயை அவ்வளவு இலகுவாகத் தள்ளிவிட முடியாது. கிழக்கில் தாய்மார் திரண்டு முகாமுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டு மீட்ட சம்பவங்களும் உண்டு. தனியாகப் போன தாயை விரட்டுவது சுலபம். நாற்பது பேர் வந்து இருந்தால் கணக்கு வேறு.

குடும்பங்கள் கண்ட இன்னொரு வழி கலியாணம். மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் 2007, 2008 காலத்தில் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்கள். சிலரை அது காப்பாற்றியது, அதை மறுக்க முடியாது. ஆனால் 1995இலிருந்து சட்டப்படித் திருமண வயது 18. இந்தக் கலியாணங்கள் பதியப்படவில்லை. சண்டை முடிந்தபோது பல பெண்களின் கையில் குழந்தை இருந்தது, கணவன் இல்லை, திருமணச் சான்றிதழும் இல்லை. குழந்தையின் பிறப்புப் பதிவில் தந்தை பெயர் போடவும், காணியில் உரிமை கேட்கவும், உதவித் திட்டத்தில் பெயர் சேர்க்கவும் அவர்கள் அலைந்தார்கள். போரின் கடைசியில் நெருக்கடி முற்றியதும் அந்தக் கணக்கும் செல்லாமல் போய், மணமானவர்களும் பிடிக்கப்பட்டார்கள். இன்னொரு மோதல் பகுதியில் யாராவது இந்த வழியைப் பரிந்துரைத்தால் இந்த விளைவுகளைச் சொல்லவேண்டும். உறவினர் வீட்டில், வேறு மாவட்டத்தில், பள்ளி அனுமதியோடு சேர்த்துப் பிள்ளையை நிறுத்துவது கடினம் என்றாலும் அதுவே திரும்பி வரக்கூடிய வழி.

கைது, காணாமல் போதல், அவமானம் பற்றியும் நேராகப் பேசவேண்டும். ஆபிரிக்காவின் தீவிரவாதக் குழுக்களில் இருந்தவர்களிடம் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நேர்காணல் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 71 சதவீதமானவர்கள் தங்களைக் கடைசியில் தள்ளிய சம்பவம் அரசின் நடவடிக்கை என்றார்கள்: குடும்பத்தவரோ நண்பரோ கொல்லப்பட்டது, கைதானது. வன்னியில் இதைக் கேட்டு ஆச்சரியப்பட ஆளில்லை. சோதனைச்சாவடியில் தகப்பன் முன்னால் அடி வாங்கிய மகன், தமையனைத் தேடி முகாம் முகாமாகத் திரிந்த தங்கை என்று ஊருக்கு ஊர் முகங்கள் உண்டு. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் கேட்பதும் தங்கள் பிள்ளைகள் எங்கே என்பதற்கான பதிலைத்தான்.

ஆகவே ஒரு கைதுக்குப் பின்னான முதல் மூன்று நாட்கள் தடுப்பு வேலையின் இதயம். கைது செய்தவர் யார், எந்த நிலையம், எத்தனை மணி, எந்தக் காரணம் என்று குடும்பம் அன்றே எழுதிவைக்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு, செஞ்சிலுவைக் குழுவுக்கு அறிவிப்பு, ஒரு சட்டத்தரணி. மூன்றும் நடந்தால் வீட்டில் இருக்கும் தம்பிக்கு ‘செய்வதற்கு ஒன்று இருக்கிறது’ என்று தெரியும். ஒன்றும் நடக்காத வீட்டில்தான், ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர் வேறு வழி காட்டுவார். நினைவேந்தலுக்காகவும் முகநூல் பதிவுக்காகவும் 2020, 2021இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இளைஞர்களைப் பிடித்தது பாதுகாப்பு என்ற பெயரில் செய்யப்பட்ட பெரும் தவறு. பத்து வயதில் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவனுக்கு விளக்கேற்றுவதைக் குற்றமென்றால், அவன் எந்தச் சட்டத்தை நம்புவான்?

தொழிற்பயிற்சி பற்றிச் சுருக்கமாக. வேலையில்லாமைதான் காரணம் என்று நினைத்து மூன்று மாதத் தையல் வகுப்பு, மேசன் வகுப்பு நடத்தி, சான்றிதழும் கருவிப்பெட்டியும் கொடுத்து முடிப்பார்கள். ஒரே கிராமத்தில் பதினைந்து மேசன்மார் உருவானால் பன்னிரண்டு பேருக்கு வேலை இருக்காது, கருவிப்பெட்டி வித்துப்போகும். முதலில் ஊரைச் சுற்றி எண்ண வேண்டும்: எத்தனை நீரிறைக்கும் இயந்திரம், எத்தனை லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்), எத்தனை மோட்டார் சைக்கிள், எங்கே கொண்டுபோய்த் திருத்துகிறார்கள். பதில் ‘கிளிநொச்சி ரவுணுக்கு’ என்றால் அந்த ஊரில் ஒரு திருத்துநருக்கு இடமிருக்கிறது. சான்றிதழ் என்விக்யூ (தேசிய தொழில் தகைமை) தரத்தில் இருக்க வேண்டும். அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களுக்கு மேலே போக அது தேவை.

உதவியை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதற்கு லைபீரியாவில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. அங்கே 2003, 2004இல் ஆயுதம் களைந்தவர்களுக்கு, சிறுவர்களுக்கும் சேர்த்து, 300 டொலர் காசாகக் கொடுத்தபோது பழைய தளபதிகள் பங்கு கேட்டு வாங்கினார்கள். பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட முன்னாள் போராளிகளுக்கு விவசாயப் பயிற்சியும் பொருளுதவியும் கொடுத்த திட்டம் ஒன்று ஆய்வு செய்யப்பட்டது. அண்டை நாடான ஐவரி கோஸ்ட்டில் சண்டை மூண்டு கூலிப்படைக்கு ஆள் தேடியபோது, அந்தப் பக்கம் மிகக் குறைவாக நாட்டம் காட்டியவர்கள் இரண்டாம் தவணை உதவி இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தவர்கள். கொடுத்து முடித்த உதவியைவிட வரப்போகும் உதவி ஒருவனை ஊரில் நிறுத்துகிறது. ஆகவே பொருளாகவும், இரண்டு மூன்று தவணையாகவும், ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் தாண்டும்படியும் கொடுப்பது நல்லது. சொன்ன தவணை வராவிட்டால் நிலைமை முன்னையதைவிட மோசமாகும்.

திரும்பி வந்த பிள்ளை மறுபடி போவதுதான் எல்லோரும் குறைத்து மதிப்பிடும் ஆபத்து. 2004 ஏப்ரலில் கருணா அணி கலைந்தபோது கிழக்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். வகுப்பு இல்லை, ஆவணம் இல்லை, பாதுகாப்பு உத்தரவாதம் இல்லை. சில வாரங்களில் கடிதமும் ஆளும் வீட்டு வாசலுக்கு வந்தன, பலர் மறுபடி கொண்டுபோகப்பட்டார்கள். 2009க்குப் பின் நிலைமை வேறு. முன்னாள் சிறுவர் போராளிகள் 594 பேர் வயதுவந்தவர்களிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒரு வருடப் புனர்வாழ்வுக்குப் பின் 2010 மே அளவில் குடும்பங்களோடு இணைக்கப்பட்டார்கள். வழக்குப் போடாமல், பிரித்து வைத்து, படிக்கவைத்து அனுப்பியது சரியான முடிவு. குறை அதற்குப் பிறகு: வீட்டுக்கு வந்தும் விசாரணைக்கு அழைப்பது, புலனாய்வாளர் வந்து கடை முதலாளியிடம் விசாரிப்பது. அடுத்த நாள் அந்த முதலாளி “தம்பி, கொஞ்ச நாள் வராதையும்” என்பார். வேலை போவதற்கு அவ்வளவு போதும்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். கடைசிக் காலத்தில் பிடித்துச் செல்லப்பட்ட பெண்களுக்கு முடியைக் கத்தரித்தார்கள், ஓடினாலும் அடையாளம் தெரியும் என்று. முடி வளர்வதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். அதுவரை சந்தையில், பஸ்ஸில், கலியாணப் பேச்சில் எல்லோரும் தலையைத்தான் பார்ப்பார்கள். சியராலியோனில் போருக்குப் பின் இத்தகைய பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதுவே: ஊர் ஏற்றுக்கொண்டதும் பள்ளிக்குத் திரும்பியதும் அவர்களை மீட்டன, ஒதுக்கியது நோயாக்கியது. உதவி கொடுக்கும்போது திரும்பி வந்தவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் அயலவர் பொறாமைப்படுவார்கள், பெயரும் வெளியே தெரிந்துவிடும். அந்தத் தெருவின் எல்லாப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் கொடுத்து அதில் இவரையும் சேர்ப்பதே புத்தி.

இவ்வளவு செய்தும், பார்ப்பதற்கு வெளியாள் இல்லாவிட்டால் பலம் பாதியாகும். 2008 செப்ரெம்பரில் அரசின் உத்தரவின்படி ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. மக்கள் மறித்து நின்று கேட்டார்கள், போகாதீர்கள் என்று. அதன்பின் முறைப்பாட்டை எழுத ஒரு மேசை இல்லை. 2009இல் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த இளையோரைப் புலிகள் பலவந்தமாகக் கொண்டுபோனபோது தடுக்க யாரும் இருக்கவில்லை. வெளியேறும் சூழ்நிலை வந்தால், உள்ளூரிலேயே தங்கிவிடும் குருமார், அதிபர், தாதி ஆகியோரிடம் பதிவு முறையையும் தொடர்பு வழியையும் ஒப்படைத்துவிட்டுப் போவதாவது நடக்க வேண்டும்.

இன்று வன்னியில் இயக்கம் இல்லை. ஆனால் பள்ளி விட்ட பதினாறு வயதுப் பிள்ளையைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்: ஐஸ் போதைப்பொருள் விற்பவர்கள், வாள்வெட்டுக் குழுக்கள், வெளிநாட்டு முகவர்கள். ஐரோப்பாவுக்கு என்று அழைத்துச் செல்லப்பட்ட வடபகுதி இளைஞர்கள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதாக 2024இல் குடும்பங்கள் முறையிட்டன. நழுவும் இடங்கள் பெரும்பாலும் பழையவையே, இடாப்பும் பழையதே. சாதாரண தரத்துக்குப் பின்னான மாதங்கள் இன்றும் வெறுமையாகவே கிடக்கின்றன.

நடைமுறையில் அதிகம் இடறுவது இடமாற்றத்தில். சிறுவர் உரிமை உத்தியோகத்தர் ஒருவர் இரண்டு மூன்று வருடம் பழகி, இருபது முப்பது வீடுகளின் நம்பிக்கையைப் பெற்றிருப்பார். மாற்றம் வந்ததும் கோப்பு மட்டும் அடுத்தவரிடம் போகும். புதியவர் கோப்பை வாசித்துவிட்டுத் தனியாக வீட்டு வாசலில் போய் நின்றால் தாய் வாய் திறக்கமாட்டார், புலனாய்வுக்காரர் என்றுதான் முதலில் நினைப்பார். அதனால் பழையவர் பொறுப்பை விடும் கடைசிக் கிழமையில் இருவரும் சேர்ந்தே அந்த வீடுகளுக்கெல்லாம் ஒருமுறை போய்வர வேண்டும். அதற்கான நாட்களையும் எரிபொருள் செலவையும் இடமாற்ற உத்தரவிலேயே சேர்த்து எழுதும்படி பிரதேச செயலாளரிடம் கேட்கலாம்.